என் சளியை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்

1

இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் முடிந்தது. இத்தனை வருடத்தில் இங்கே யாரும் என்னிடம் என் கருத்தைக் கேட்டதில்லை. இந்த வருடம்தான் முதல் முறையாக என்னிடம் ஒன்றைக் கேட்டார்கள்: சளி. மூன்று நாள், காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பு, மூடி போட்ட சின்ன டப்பாவில்.

கேட்டவர் ஹெலன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவு நர்ஸ். (எங்கள் ஊர் என்று நான் எழுதுவது இங்கிலாந்தின் நடுவில் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரை. திருவண்ணாமலையை நம்ம ஊர் என்று எழுதுவேன். குழம்பினால் கவலைப்படாதீர்கள், நானே பதினேழு வருடமாகக் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

முதல் நாள் டப்பாவை ஹெலன் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். நகைக்கடைக்காரர் கல்லைப் பார்க்கிற மாதிரி.

"மிஸ்டர் ஏழுமலை, இது எச்சில்" என்றார்.

ஐம்பத்தோரு வயது. மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நகராட்சி அலுவலகத்தில் கார் நிறுத்தும் அனுமதிச் சீட்டுப் பிரிவில் குமாஸ்தா. தினமும் இருபது பேருடைய விண்ணப்பத்தை 'ஆதாரம் போதவில்லை' என்று திருப்பி அனுப்புகிறவன். இப்போது என் சளியே ஆதாரம் போதாமல் திரும்பி வந்துவிட்டது.

"நெஞ்சின் அடியிலிருந்து வர வேண்டும். ஆழமாக மூச்சு இழுத்து, இருமி, அப்புறம்" என்று அவரே இருமிக் காட்டினார். அடுத்த நாள் காலை குளியலறையில் நான் எடுத்த முயற்சியில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி "எல்லாம் சரியா?" என்று கேட்டார். சரி என்றேன். அந்த டப்பாவைப் பார்த்து ஹெலன் "அருமை!" என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

2

இந்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்த கதைக்கு ஒரு சூட்கேஸைத் திறக்க வேண்டும்.

நம்ம ஊரிலிருந்து லீவு முடிந்து திரும்புகிற எவன் பெட்டியைத் திறந்தாலும், பருப்புப்பொடிக்கும் புளிக்கும் நடுவில் ஒரு மருந்துக்கடை இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, பேதிக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று, எதற்கென்று தெரியாமல் இரண்டு. ஏனென்றால் இங்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் போன் போட வேண்டும். 'நீங்கள் வரிசையில் இருபத்தேழாவது ஆள்' என்று ஒரு பெண் குரல் சொல்லும். உங்கள் முறை வரும்போது இருமல் தானாக நின்றிருக்கும். நிற்காவிட்டால், நிறையத் தண்ணீர் குடியுங்கள், தேன் சாப்பிடுங்கள் என்பார்கள். மாத்திரை எழுதாத டாக்டரை நாம் எப்போது டாக்டர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்?

என் சூட்கேஸ் கடைக்குச் சரக்கு போடுகிறவன் சேகர். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். பௌர்ணமிக்கு மறுநாள் அவன் கடையைப் பார்க்க வேண்டும். மலை சுற்றி வந்த பாதங்களுக்கெல்லாம் பிளாஸ்திரி, முழங்காலுக்கெல்லாம் தைலம். ஒவ்வொரு லீவுக்கும் சாயங்காலம் முழுக்க அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் நாட்டைத் திருத்திக்கொண்டிருப்பேன். கிளம்பும் முந்தின நாள் அவன் ஒரு பை நிறைய மாத்திரை போட்டு, அட்டை ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுப்பான்: 'பேதி', 'பல்', 'ஜுரம்', 'நெஞ்சு சளி, 5 நாள்'.

போன முறை அந்தக் கடைசி அட்டை மூன்று கேட்டேன். "ஒண்ணு போதும்டா" என்றான். "குளிர் ஊருடா, சேர்த்துப் போடு" என்றேன். போட்டான்.

பிப்ரவரியில் இருமல் வந்தது. ஓர் அட்டை. குறைந்தது. மார்ச்சில் திரும்பி வந்தது. இரண்டாவது அட்டை. குறைந்தது. ஏப்ரலில் பழைய சிநேகிதன் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தது. மூன்றாவது அட்டை. ஒவ்வொரு தடவையும் குறைந்தது பாருங்கள், அங்கேதான் நான் ஏமாந்தேன். மாத்திரை வேலை செய்கிறது, நான் பாதி டாக்டர் என்று மார் தட்டினேன். தட்டினால் இருமல் வந்தது.

இதற்கிடையில் உடம்பு இளைத்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. ஆபீசில் ஒருத்தி ரகசியம் கேட்டாள். "சிறுதானியம்" என்றேன். அவள் கம்பு வாங்கிப் போய்ச் சமைத்து, ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

3

கடைசியில் என் மனைவி செல்விதான் பிடித்து இழுத்துப் போனாள். "சட்டை ஹேங்கர்ல தொங்கற மாதிரி இருக்கு, ஹேங்கர் நீதான்" என்றாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைத் திட்டு. அதற்கப்புறம் எல்லாமே வேகம். வரிசையில் இருபத்தேழாவது ஆளாக இருந்தவனுக்கு அன்று மாலையே ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

ஹெலன் கேள்வித்தாள் வைத்திருந்தார். பதினாறு பக்கம். என் ஆபீஸ் விண்ணப்பம்கூட ஒன்பது பக்கம்தான். வீட்டில் யார் யார்? வேலை எங்கே? கடைசியாக ஊருக்குப் போனது எப்போது? அங்கே உங்கள் பக்கத்தில் யாராவது இருமினார்களா?

"மூன்று வாரம் தினமும் மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருமாமல் வந்தவர்களை வேண்டுமானால் சொல்கிறேன்" என்றேன்.

ஹெலன் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"இந்த இருமலுக்கு இதுவரை ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?"

இங்கேதான் நான் பொய் சொன்னேன். "சுக்குக் கஷாயம்" என்றேன். சுக்கு என்றால் என்ன என்று கேட்டார். இஞ்சியின் ஓய்வுபெற்ற நிலை என்று விளக்கினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஏன் பொய் சொன்னேன்? பயம். டாக்டர் சீட்டு இல்லாமல் வெளிநாட்டு மாத்திரை கொண்டுவந்தது குற்றமோ, குடியுரிமையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று தலைக்குள் ஒரு படம் ஓடியது. இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் பாருங்கள், சீருடை போட்டவர் யார் எதைக் கேட்டாலும் எனக்குள் இருக்கும் விசாக்காரன் எழுந்து நின்றுவிடுகிறான். அதற்குக் கீழே இன்னொரு காரணமும் இருந்தது. பாதி டாக்டராக இருந்தவனுக்கு முழு முட்டாள் என்று பதிய மனமில்லை.

அவசரப் பரிசோதனை ஒன்று இரண்டே நாளில் வந்தது: காசநோய்தான், முக்கியமான மருந்து ஒன்று இந்தக் கிருமியிடம் வேலை செய்யும். நாலு மருந்து சேர்த்து ஆரம்பித்தார்கள். "மற்ற மருந்துகளைப் பற்றி முழு வாசிப்பு வந்ததும் சொல்கிறேன்" என்றார் ஹெலன். என்ன வாசிப்பு என்று நான் கேட்கவில்லை. ஜாஸ்தி கேள்வி கேட்டால் பதில் கேள்வி வரும்.

4

முதல் இரண்டு வாரம் மாடி அறையில் தனியாக. செல்வி தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போவாள், நான் வந்து எடுத்துக்கொள்வேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் இவ்வளவு சண்டையில்லாத இரண்டு வாரம் எங்களுக்கு வாய்த்ததில்லை.

மாத்திரை ஆரம்பித்த மறுநாள் கழிப்பறையில் நான் பார்த்தது காவி. நல்ல சாமியார் காவி. ரத்தம் என்று முடிவு கட்டி, கதவைத் திறந்து "செல்வீ, ஒண்ணுக்குல ரத்தம்!" என்று ஓர் அலறல். அவள் கீழேயிருந்து, "அந்த நர்ஸம்மா குடுத்த பேப்பர்ல மொத வரியே மாத்திரையால கலர் மாறும்னுதான் போட்டிருக்கு. படிக்க மாட்டியா?" என்றாள். எல்லா விண்ணப்பதாரர்களையும் விதிமுறையைப் படிக்கவில்லை என்று திட்டுகிறவன் நான்.

என் மகள் நிலாவுக்குப் பதினேழு. இரண்டு வருடமாக அவளுக்கும் எனக்கும் பேச்சு என்பது வைஃபை வேலை செய்கிறதா என்பதோடு முடிந்துவிடும். மூன்றாம் நாள் சாயங்காலம் கதவுக்கு வெளியே படியில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தமிழில் ஏற்ற இறக்கம் இருக்காது. துக்கமும் தோசையும் ஒரே சுருதி.

"அப்பா, நீ செத்துப் போறியா?"

கடைக்குப் போறியா என்று கேட்கிற மாதிரி.

"இந்த வாரம் இல்லம்மா. அடுத்த வாரம் ஃப்ரீயான்னு பாத்துச் சொல்றேன்" என்றேன்.

சிரிப்பு இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐம்பது வருடமாக என் நகைச்சுவைக்குப் பலவிதமான வரவேற்பு கிடைத்திருக்கிறது. இது புதிது. கதவைத் திறக்கவும் முடியாது. "நிலா, நிச்சயமா இல்லம்மா. மாத்திரை இருக்கு" என்றேன் கதவிடம். அவளுக்கும் செல்விக்கும் எடுத்த பரிசோதனைகள் சுத்தமாக வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

5

ஆறாவது வாரம் ஹெலன் போன் செய்தார். முழு வாசிப்பு வந்துவிட்டது.

இந்த முறை கேட்டேன்: எதை வாசிக்கிறீர்கள்?

என் சளியிலிருந்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்திருக்கிறார்கள். அது நம்ம ஊர் அலுவலகக் கோப்பு மாதிரி, நிதானமாகத்தான் வளரும். வளர்ந்ததும் அதன் மரபணுவை ஒட்டுமொத்தமாக, எழுத்தெழுத்தாக இயந்திரம் படித்துவிடுகிறது. நாற்பது லட்சத்துக்கும் மேல் எழுத்து. எந்த இடத்தில் எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து பலிக்காது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு மருந்திலும் கிருமியைப் போட்டு, பிழைக்கிறதா சாகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்களாம்.

எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. இங்கே வருவதற்கு முன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக வாக்காளர் பட்டியல் திருத்தியவன் நான். லட்சம் பேர் இருக்கிற பட்டியலில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த ஓர் எழுத்தால் கட்டுமஸ்தான ஓர் ஆள், 'பாலினம்: பெ' என்று வந்து நிற்பார். வாக்குச்சாவடியில் ஆண்கள் பட்டியலில் தேடினால் அவர் அகப்படவே மாட்டார். கிருமியும் அப்படித்தான். மருந்து கையில் பெயரை வைத்துக்கொண்டு தேடும். கிருமி தன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு தப்பித்துவிடும்.

"உங்கள் கிருமியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது" என்றார் ஹெலன். "நாலு மருந்தில் ஐசோனியாசிட் என்ற மருந்து வேலை செய்யாது. அதை இன்றே நிறுத்திவிடுங்கள். இப்போதே தெரிந்தது நல்லது. அதற்குப் பதிலாக வேறு மருந்து தருகிறோம். நாளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்."

"என்ன மருந்து?"

"லெவோஃப்ளாக்சசின்."

எங்கோ பார்த்த பெயர். போனை வைத்துவிட்டு அலமாரி மேலிருந்த சூட்கேஸை இறக்கினேன். காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், அடுத்த லீவில் அதே சரக்கை வாங்குவதற்காக. ஒரு பக்கம் சேகரின் கையெழுத்து: 'நெஞ்சு சளி, 5 நாள்'. மறுபக்கம் அச்செழுத்தில் லெவோஃப்ளாக்சசின்.

மூன்று அட்டை. மூன்றும் காலி.

6

"டேய் சேகரு, அந்த நெஞ்சு சளி மாத்திரை இருக்குதில்ல..."

"தீந்துடுச்சா? கொரியர்ல போடட்டுமா?"

"போடாத. எனக்கு டிபி."

நம்ம ஊரில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போவது மட்டும் கேட்டது. சேகரிடம் டிபி விஷயத்தை நான் அதுவரை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நம்ம ஊரில் டிபி என்று சொன்னால் நோயாளியை விட்டுவிட்டு அவன் மகள் ஜாதகத்தைப் பார்ப்பார்கள். அந்த மகளுக்கு ஜாதகமே கிடையாது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்.

"மூணு வாட்டியா?" என்றான். "ஏன்டா, ஒரு வாட்டி போட்டு நிக்கலன்னா டாக்டராண்ட போகணும்னு தெரியாதா உனக்கு?"

"அட்டையில 'டாக்டராண்ட போ'ன்னு நீ எழுதலியே."

"அட்டையில எடம் இல்லடா, எரும!"

"எடம் இல்லாத அட்டைய ஏன்டா குடுத்த?"

"நீதான்டா மூணு கேட்ட! ஒண்ணு போதும்னு சொன்னனா இல்லியா?"

இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் கத்தினோம். ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் மேஜைக்குள் தவளை விட்டது யார் என்ற விசாரணைக்கு அப்புறம் எங்களுக்குள் இவ்வளவு காரசாரமான பேச்சு நடந்ததில்லை. அப்புறம் அவன் குரல் இறங்கிவிட்டது.

"இதுக்கு ஏன்டா நாலு மருந்து சேர்த்துக் குடுக்கறாங்க? ஒண்ண மட்டும் தனியா குடுத்தா கிருமி அத பழகிக்கும். நீ பதினஞ்சு நாள் அந்த ஒரே மருந்த ஊட்டி, அதுக்கு டியூஷன் எடுத்திருக்க."

"அப்ப இனிமே அது கேக்காதா?"

"கேக்கும், கேக்காது, எனக்கு எப்படித் தெரியும்? நான் மருந்து விக்கறவன்டா. அந்த நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சுக்குக் கஷாயம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நாசமாப் போச்சு" என்றான். "நாளைக்குப் போயி மொத வேலையா அதைச் சொல்லு. திட்டினா திட்டட்டும். என் பேரக் கேட்டாலும் சொல்லு."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மறுநாள் ஹெலன் எதிரே உட்கார்ந்து மூன்று காலி அட்டைகளையும் மேஜையில் வைத்தேன். ஒரு நல்ல நகைச்சுவையோடு ஆரம்பிப்பதாக பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் அது வரவில்லை. "இதைச் சாப்பிட்டேன். மூன்று முறை. சொல்லாமல் மறைத்துவிட்டேன்" என்று மட்டும் வந்தது.

ஹெலன் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சேகரின் தமிழைச் சுட்டிக்காட்டி, "இது என்ன?" என்றார்.

"நெஞ்சுச் சளி, ஐந்து நாள்."

"சொன்னதற்கு நன்றி" என்றார். நான் எதிர்பார்த்த திட்டு வரவேயில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. கணினியைத் திறந்து என் முடிவைக் காட்டினார். வரிசையாக மருந்துப் பெயர்கள், எதிரே பலன். லெவோஃப்ளாக்சசின் வரியில் மட்டும் 'தெளிவாகப் படிக்க இயலவில்லை'. அந்த ஓர் இடத்தில் மட்டும் இயந்திரத்துக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு முன் அந்த மருந்தே சாப்பிடாத ஆள்தானே என்று டாக்டர் துணிந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்.

என் சுக்குக் கஷாயத்தை நம்பி.

"மறுபடி படிக்கச் சொல்கிறேன். அது வரும்வரை இதை ஆரம்பிக்க வேண்டாம். மற்ற மூன்றும் தொடரட்டும்" என்றார் ஹெலன்.

"அந்த எழுத்தும் மாறியிருந்தால்?"

"வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் இந்த வழிதான் உங்களுக்குச் சுலபம். அது போய்விடக் கூடாது என்றுதான் நானும் விரும்புகிறேன்."

7

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள்.

நான் செய்த முட்டாள்தனங்களை எல்லாம் எழுதினால் இந்தப் பத்திரிகை இரண்டு இதழ் போட வேண்டியிருக்கும். அந்த ஒற்றை எழுத்தோடு பேரம் பேசினேன். மாறாதே, ஊருக்கு வந்தால் பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோடு சுற்றுகிறேன் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். உடனே, இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு பதினாலா என்று தோன்றியது. அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து, மீதிக்கு ஆட்டோ என்று திருத்தம் போட்டேன். குமாஸ்தா புத்தி. வேண்டுதலிலும் சிறப்பு விதிவிலக்கு கேட்கிறது.

இணையத்தில் படித்தேன். படிக்கக் கூடாது என்று ஹெலன் சொல்லியிருந்தார், அதனால்தான் படித்தேன். காலை பத்து மணிக்குள் மூன்று விதமாகச் செத்தேன். ஓர் உயில்கூட எழுத உட்கார்ந்தேன். எழுத வேண்டிய சொத்து ஒரு பழைய காரும் ஒரு மாவரைக்கும் கிரைண்டரும். கார் செல்விக்கு, கிரைண்டர் நிலாவுக்கு. நிலா எட்டிப் பார்த்து, "எனக்கு கார்" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் போகும்போது என் தோளில் ஒரு குத்து விட்டுவிட்டுப் போனாள். குத்துக்கு அர்த்தம் தெரியாத அளவுக்கு நான் இன்னும் அன்னியனாகிவிடவில்லை.

வேடிக்கைக்கு நடுவில் ஒன்று மட்டும் வேடிக்கையாக இல்லை. இங்கே என் ஒருவனுடைய சளிக்காக ஒரு கிருமியின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் இரண்டு தடவை படிக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், அவர்கள் கேட்ட ஒரே ஒரு எளிய கேள்விக்கு நான் பொய் சொன்னேன். நாற்பது லட்சம் எழுத்தைப் படிக்கிற இயந்திரத்துக்கும் என் வாயைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

பதிமூன்றாம் நாள், புதன்கிழமை, ஆபீசில் ஒரு பாட்டுக்காரர் தன் வேனுக்கு அனுமதி கேட்டு என்னிடம் கத்திக்கொண்டிருந்தபோது ஹெலன் பெயர் போனில் வந்தது. பாட்டுக்காரரிடம் ஒரு நிமிடம் என்று கை காட்டிவிட்டு எழுந்தேன்.

"தெளிவாகப் படித்துவிட்டோம். எழுத்து மாறவில்லை. மருந்து வேலை செய்யும்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"எழுத்துபூர்வமாகக் கிடைக்குமா?"

இரண்டு மாதத்தில் முதல் முறையாக ஹெலன் சிரித்தார். நான் திரும்பி வந்து பாட்டுக்காரருக்கு அனுமதி கொடுத்தேன். அவருடைய ஆதாரம் உண்மையிலேயே போதவில்லை. அதைப் பற்றி இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

8

மதிய இடைவேளையில் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு சேகரைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்கால வியாபார நேரம். எடுத்தவுடன், "என்னாச்சு?" என்றான். ஹலோ கிடையாது.

"கேக்கும்டா. எழுத்து மாறல."

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "பன்னெண்டு நாளா அந்த மாத்திரை வெச்சிருக்கற பக்கமே போகலடா நானு. யாராவது கேட்டா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் கடை வாசலில் ஒரு பெண் குரல்.

"தம்பி, வீட்டுக்காரருக்கு இருமலு நிக்கல. போன வாட்டி குடுத்தியே, அஞ்சு நாள் மாத்திரை, அதக் குடு."

சேகர் போனை ஸ்பீக்கரில் போட்டு கவுண்டர் மேல் வைப்பது கேட்டது. "எத்தினி நாளா இருமறாரும்மா?"

"அது ஆச்சு ரெண்டு மாசம். மாத்திரை போட்டா கம்மியாவுது, உட்டா வந்துடுது."



"எம்மா, மாத்திரை வேணாம். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி சளி டெஸ்ட் எடுங்க. காசு கெடையாது."

"டெஸ்டா? அந்த மனுஷன் வருவாரா? பொண்ணுக்கு வேற மாப்பிள்ள பாக்கறோம், ஆஸ்பத்திரி வாசல்ல யாராவது பாத்துட்டாங்கன்னா? நீ மாத்திரையக் குடு தம்பி."

"நான் தர்றதா இல்லம்மா."

"இல்லன்னா போ. பக்கத்துல கடையா இல்ல?"

செருப்புச் சத்தம் விலகியது. இருபத்தைந்து வருடமாகக் கல்லாவை விட்டு டீ குடிக்கக்கூட வெளியே போகாதவன் சேகர். டீ அவனிடம் வரும்.

"இருடா" என்றான். கவுண்டர் பலகையைத் தூக்கி இறக்குகிற சத்தம். அப்புறம், "எம்மா! எம்மோவ், நில்லும்மா! ஒரு நிமிஷம் நில்லு!" என்ற குரல் தெருவில் தேய்ந்துகொண்டே போனது.

பஸ் ஹாரன். ஒரு நாய். மாலை போட்ட யாரோ சிலர் அரோகரா சொல்லிப் போனார்கள். நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, தூறலில், நகராட்சியின் நாற்பத்து மூன்று கார்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"யாருங்க கடையில?" புதுக் குரல், ஆண். "பிளாஸ்திரி ஒண்ணு வேணும்."

"இருங்க, வந்துடுவாரு" என்றேன்.

குரல் கொஞ்சம் திடுக்கிட்டது. "நீங்க எங்க இருக்கீங்க?"

"உள்ளதான் இருக்கேன்."

"அப்ப நீங்களே எடுத்துக் குடுங்களேன்."

"எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கற அளவுக்கு விவரம் பத்தாதுங்க."

"பிளாஸ்திரிதானேங்க!" என்றார். அப்புறம், "அவரு எங்க போனாரு?"

"ஒரு அம்மாவைக் கூப்பிட்டு வரப் போயிருக்காரு."

"வருவாங்களா?"

"தெரியலீங்க" என்றேன்.

அவர் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. எனக்கு இடைவேளை முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து என் மேலாளர் கடிகாரத்தைக் காட்டினார். நான் அசையவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?